வக்கீலம்மா பதில்கள்: பர்ஸ் யாருடையது?

கேள்வி: எங்கள் கல்லூரி விநாடி வினாவில், மனைவியைக் கணவன் அடக்கி ஆள்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டார்கள். ஒரு அணிக்கும் தெரியவில்லை. மேடையில் விடை சொன்னபோது மைக் கரகரத்ததால் அதுவும் காதில் விழவில்லை. உங்களுக்குத் தெரியுமா?
(மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: மரிட்டோடெஸ்பாட்டிசம். கைக்கடக்கமான அகராதியில் தேடாதீர்கள், கிடைக்காது. அபூர்வச் சொற்களைப் பொறுக்கி வைத்திருக்கும் பட்டியல்களில்தான் இது குடியிருக்கிறது. இத்தனை வருஷம் குடும்ப நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு நின்றும், ஒரு மனுவில்கூட நான் இதைப் பார்த்ததில்லை. "எதிர்மனுதாரர் மனுதாரரை உடலளவிலும் மனதளவிலும் கொடுமைப்படுத்தி வந்தார்" என்று அடித்துவிட்டு எங்கள் டைப்பிஸ்ட் அடுத்த பத்திக்குப் போய்விடுவார்.

லத்தீனில் மரிட்டஸ் என்றால் கணவன். டெஸ்பாட் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாட்டை ஆட்டிப்படைக்கும் கொடுங்கோலன் என்ற பொருள் அதற்குப் பிற்பாடு ஏறியது. முதலில் வீட்டு எஜமான் என்றுதான் அர்த்தம். அதே வேரிலிருந்து வந்த சமஸ்கிருதச் சொல் ஒன்று நம் கல்யாணப் பத்திரிகை தவறாமல் இருக்கும்: தம்பதி. ரிக் வேதத்தில் அது ஒருமையில் வந்தால் வீட்டுத் தலைவன், இருமையில் வந்தால் கணவனும் மனைவியும். நமக்கு வந்து சேர்ந்தது இருமை. அந்த மட்டும் சந்தோஷம்.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்தது பின்பாதிதான். முரடன், முன்கோபி, குடிகாரன் என்றெல்லாம் அது சொல்லவில்லை, ஆள்பவன் என்கிறது. இங்கிலாந்தின் பழைய சட்டமும் சரியாக அப்படித்தான் நினைத்தது. கணவன் மனைவி பற்றிய அத்தியாயத்துக்குப் பழைய ஆங்கிலச் சட்டப் புத்தகங்களில் 'பாரனும் பெண்ணும்' என்று தலைப்பு. பாரன் என்றால் பிரபு; பிரபு என்பது கட்டின புருஷன். 1351ஆம் வருஷத்து ராஜதுரோகச் சட்டப்படி, புருஷன் பெண்டாட்டியைக் கொன்றால் அது கொலை. பெண்டாட்டி புருஷனைக் கொன்றால் அது சின்ன ராஜதுரோகம். வேலைக்காரன் எஜமானைக் கொன்றாலும் அதே பிரிவுதான். அப்படிக் கொன்ற பெண்ணுக்குத் தண்டனை உயிரோடு எரிப்பது. எரிப்பதை 1790இல் நிறுத்தினார்கள். சின்ன ராஜதுரோகம் என்ற தனிக் குற்றமே 1828இல்தான் ஒழிந்தது. அடுத்த விநாடி வினாவில் இதையும் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். அதற்கும் ஒரு வார்த்தை இருக்கிறதா, வக்கீலம்மா?
(ஓய்வு பெற்ற தாசில்தார், நாகர்கோவில்)

பதில்: இருக்கிறது, அக்ஸோரோடெஸ்பாட்டிசம். ஆனால் கடிதத்தை உங்கள் கையெழுத்திலேயே எழுதி, வீட்டு முகவரியும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நோய் அவ்வளவு முற்றவில்லை.

கேள்வி: விக்டோரியா என்ற ஒரு பெண்ணே அறுபது வருஷத்துக்கு மேல் ஆண்ட நாடு இங்கிலாந்து. அங்கே போய் மனைவிகள் அடிமையாக இருந்தார்கள் என்பது மிகைதானே?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: மகாராணிக்குச் சட்டம் வேறு, மளிகைக் கடைக்காரர் மனைவிக்கு வேறு.

பிளாக்ஸ்டன் என்று ஒரு சட்ட மேதை. 1765இல் அவர் எழுதிய விளக்கத்தின் சாரம் இதுதான்: கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே நபர். அவளுடைய தனி இருப்பு அவனுக்குள் அடங்கிவிடுகிறது, அவனுடைய சிறகுக்குக் கீழேதான் அவள் எதையும் செய்கிறாள். இதற்குக் கவர்ச்சர் என்று பெயர். கேட்கக் கவிதை மாதிரி இருக்கும். நடைமுறையில், அவள் கையிருப்புப் பணம், நகை, சம்பளம் எல்லாம் அவனுக்கு. அவள் பெயரில் நிலம் இருந்தால் குத்தகைப் பணம் அவனுக்கு. அவளாக ஒப்பந்தம் போட முடியாது, தனியாகத் தாவா போட முடியாது, அவன் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. காசுள்ள அப்பாக்கள் மட்டும் டிரஸ்ட் எழுதி மகள் சொத்தை மருமகன் கைக்கு எட்டாமல் வைத்தார்கள். மற்ற பெண்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

மில்லிசென்ட் ஃபாசெட் என்று ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்மணி. லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் ஒரு பையன் அவருடைய பர்ஸை அடித்துவிட்டான். உடனே பிடிபட்டான். கோர்ட்டுக்குப் போனால் குற்றச்சாட்டை வாசிக்கிறார்கள்: மில்லிசென்ட் ஃபாசெட்டிடமிருந்து, ஹென்றி ஃபாசெட்டின் சொத்தான, ஒரு பவுன் 18 ஷில்லிங் 6 பென்ஸ் கொண்ட பர்ஸைத் திருடியது. ஹென்றி அவருடைய கணவர். நாடாளுமன்ற உறுப்பினர், நல்ல மனிதர், பெண்களின் உரிமைக்காக மேடை ஏறியவர். அவர் நல்லவராக இருப்பதால் குற்றப் பத்திரிகையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. தன்மீதே திருட்டுக் குற்றம் சாட்டியதுபோல் இருந்ததாக அந்த அம்மா பின்னால் எழுதினார்.

கெட்டவன் கையில் அதே சட்டம் என்ன செய்யும் என்பதற்குக் கரோலின் நார்ட்டன் போதும். 1827இல் கல்யாணம். கணவன் அடிப்பவன். இவர் கதை, கவிதை எழுதிச் சம்பாதித்தார், அந்தப் பணமும் சட்டப்படி அவனுக்கு. 1836இல் அவன் அன்றைய பிரதமர் மெல்போர்ன் மீதே கள்ளத் தொடர்பு வழக்குப் போட்டான். ஜூரி வழக்கைத் தள்ளியது. தோற்றவன் என்ன செய்தான்? மூன்று ஆண் பிள்ளைகளையும் தன் வசம் வைத்துக்கொண்டு தாய்க்குக் காட்ட மறுத்தான். அதற்கும் சட்டம் இடம் கொடுத்தது, பிள்ளைகள் தகப்பனுக்கே. கரோலின் துண்டுப் பிரசுரம் எழுதி, உறுப்பினர்களைத் துரத்தித் துரத்திப் பேசி, 1839இல் சின்னக் குழந்தைகளைத் தாய் கேட்கலாம் என்று ஒரு சட்டம் வரவைத்தார். 1842இல் கடைசிப் பையன் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த சங்கதி வேறொன்று. மனைவியின் வரவு கணவனுடையது என்றால் மனைவியின் கடனும் கணவனுடையதுதானே? கணவன் பணம் தராமல் இழுத்தடித்தபோது, கடைக்காரர்களிடம் கணக்கு வைத்து வாங்கிவிட்டு, "பணம் வேண்டுமென்றால் அவர்மேல் கேஸ் போடுங்கள்" என்று அனுப்பினார் கரோலின். இப்படி ஒரு கட்சிக்காரி எனக்குக் கிடைத்ததில்லை.

1870இல் வந்த சட்டம் மனைவியின் சம்பளத்தை மனைவிக்குக் கொடுத்தது. 1882இல் மற்ற சொத்தும் அவளுடையதானது. வருமான வரிக்கு மட்டும் மனைவியின் வருமானத்தைக் கணவன் கணக்கில் சேர்ப்பது தொடர்ந்தது. அது எப்போது நின்றது தெரியுமா? 1990 ஏப்ரலில். மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த காலம்.

கேள்வி: கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத கம்பால் மனைவியை அடிக்கலாம் என்று பழைய ஆங்கிலச் சட்டம் இருந்ததாமே? 'ரூல் ஆஃப் தம்ப்' என்ற வழக்கே அதிலிருந்துதான் வந்தது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார்.
(பிளஸ் டூ மாணவன், சிவகாசி)

பதில்: அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை தம்பி. 1782இல் பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அப்படிச் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு பரவியது. கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர், நீதிபதி கை நிறையக் கம்புகளைச் சுமந்து விற்கிற மாதிரி வரைந்து 'கட்டைவிரல் ஜட்ஜ்' ஆக்கிவிட்டார். புல்லர் அதை நிஜமாகவே சொன்னாரா என்பதற்கு ஆதாரம் கிடையாது. 'ரூல் ஆஃப் தம்ப்' அதற்கும் நூறு வருஷம் முன்பே குத்துமதிப்பு என்ற பொருளில் புழங்கியது. ஆசிரியரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பிராக்டிகல் மார்க் அவர் கையில்.

கம்பின் பருமனை எழுதி வைக்கவில்லை என்பதற்காக அடிக்கக் கூடாது என்று இருந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'மிதமான திருத்தம்' கணவனுக்கு அந்தக் காலத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தது என்று பிளாக்ஸ்டனே எழுதியிருக்கிறார்.

கேள்வி: அடிப்பது, பறிப்பது சரி. மனைவியை வீட்டில் பூட்டிவைக்கக் கணவனுக்கு உரிமை உண்டு என்று எந்தக் கோர்ட்டாவது சொன்னதுண்டா?
(வாசகி, மதுரை)

பதில்: சொன்னதுண்டு. 1840இல் காக்ரேன் என்பவரின் வழக்கு. விட்டுப் போன மனைவியைத் தந்திரமாக வரவழைத்துப் பூட்டிவைத்தார் கணவர். ஆட்கொணர்வு மனு வந்தபோது நீதிபதி கோல்ரிட்ஜ் கணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வெளியே விட்டால் மறுபடி ஓடிவிடுவாள், ஆகவே வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

அதை உடைத்தது 1891இல் கிளித்ரோ வழக்கு. லங்காஷயரில் சின்ன ஊர் கிளித்ரோ. எமிலி ஹால் என்ற வசதியான வீட்டுப் பெண், 1887 நவம்பரில் எட்மண்ட் ஜாக்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணமான சில நாளிலேயே ஜாக்சன் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார், அங்கே காலூன்றியபின் எமிலியும் போவதாக ஏற்பாடு. கடிதங்களில் மனஸ்தாபம் வளர்ந்தது. அவர் திரும்பி வந்தபோது எமிலி சேர்ந்து வாழ மாட்டேன் என்றுவிட்டார். 1889இல் அவர் 'மனைவி என்னோடு வந்து வாழ வேண்டும்' என்று கோர்ட் உத்தரவு வாங்கினார். எமிலி அசையவில்லை.

1891 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எமிலி சகோதரியோடு தேவாலயத்திலிருந்து வெளியே வருகிறார். ஜாக்சனும் இரண்டு ஆட்களும் காத்திருக்கிறார்கள். ஊர் பார்க்க, அவரைப் பின்பக்கமாக இழுத்துக் கோச்சு வண்டியில் திணித்துப் பிளாக்பர்னில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே காவல், உள்ளே எமிலி. உறவினர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். முதலில் விசாரித்த நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டில் ஹால்ஸ்பரி, ஈஷர், ஃப்ரை என்ற மூன்று பேர் எமிலியை நேரில் வரவழைத்துத் தனியாகப் பேசிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள்: மனைவியைப் பிடித்துவைக்கும் உரிமை ஆங்கிலச் சட்டத்தில் எந்தக் கணவனுக்கும் கிடையாது, அவர் போகலாம். ஆள் கடத்தப்பட்டதிலிருந்து தீர்ப்பு வரை இரண்டு வாரத்துக்குள். நம் ஊரில் இரண்டு வாரத்தில் வழக்கு எண்கூட விழாது.

இதைக் கேட்டு ஊர் சந்தோஷப்பட்டிருக்கும் என்று நினைக்காதீர்கள். பத்திரிகைகளில் பலர் ஜாக்சனுக்காகக் கண்ணீர் விட்டார்கள். எலிசா லின் லிண்டன் என்ற பெண் எழுத்தாளரே, ஒரு நல்ல காலைப் பொழுதில் கல்யாணம் என்பதையே ஒழித்துவிட்டார்கள் என்கிற தொனியில் புலம்பினார்.

கேள்வி: மேற்கண்ட 'சேர்ந்து வாழ உத்தரவு' நம் ஊரிலும் இருக்கிறதே! என் தங்கைக்கு அவள் கணவர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸில் பிரிவு 9 என்று இருக்கிறது. போகாவிட்டால் போலீஸ் வந்து கொண்டுபோய் விடுமா?
(அண்ணன், தூத்துக்குடி)

பதில்: (இவர் முன்பே நேரிலும் வந்து கேட்டவர். அங்கே சொன்னதையே பலருக்கும் ஆகட்டும் என்று இங்கும் எழுதுகிறேன்.)

போலீஸ் வராது. கோர்ட் தீர்ப்பே வந்தாலும் உங்கள் தங்கையைக் கைப்பிடித்து இழுத்துப் போக யாருக்கும் அதிகாரம் இல்லை. உத்தரவை மதிக்காவிட்டால் சொத்தை ஜப்தி செய்யச் சட்டத்தில் இடம் உண்டு, ஜெயில் இல்லை. தீர்ப்புக்குப் பின் ஒரு வருஷம் சேர்ந்து வாழாவிட்டால் இரண்டு தரப்பில் யார் வேண்டுமானாலும் அதையே காரணமாக்கி விவாகரத்துக் கேட்கலாம். நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஏன் வரவில்லை என்பதற்கு நியாயமான காரணம் இருந்தால் மனு நிற்காது. அந்தக் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும்.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தங்கைக்குக் கொஞ்சம் தெம்பு வரும். இந்து சாஸ்திரத்தில் இல்லை, இஸ்லாமியச் சட்டத்திலும் இல்லை. இங்கிலாந்துத் தேவாலய நீதிமன்றங்களின் சரக்கு, வெள்ளைக்காரர் கப்பலில் வந்தது. பம்பாயில் ருக்மாபாய்க்குப் பதினோரு வயதில் தாதாஜி பிகாஜியோடு கல்யாணம் ஆனது. அவர் தாய்வீட்டிலேயே இருந்து படித்தார். வளர்ந்தபின் கணவனோடு போக மறுத்தார். 1884இல் தாதாஜி வழக்குப் போட்டார். 1885இல் நீதிபதி பின்ஹே, ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக அனுப்ப மாட்டேன் என்று தள்ளுபடி செய்தார். அப்பீலில் அது கவிழ்ந்தது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், போய்ச் சேர் அல்லது ஆறு மாதம் ஜெயில் என்றார். ஜெயிலுக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், அந்த உத்தரவை மீறினால் ஜெயில் என்பதை இங்கிலாந்தில் 1884இலேயே எடுத்துவிட்டார்கள். லண்டனில் காலாவதியான தண்டனையைப் பம்பாயில் நீட்டினார்கள். 1888இல் தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்து, 1894இல் தகுதி பெற்றுத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

இங்கிலாந்து 1970இல் இந்த உத்தரவையே குப்பையில் போட்டுவிட்டது. நாம் 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவாகப் பத்திரமாக வைத்திருக்கிறோம். 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது, அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றுவிட்டது. பெண்ணும் இந்த மனுவைப் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். ஆனால் என் அனுபவத்தில், மனைவி ஜீவனாம்சம் கேட்ட மறுவாரமே கணவன் தரப்பிலிருந்து இது வந்து விழும். "நான் கூப்பிட்டேன், அவள்தான் வரவில்லை" என்று பதிவு செய்ய இதைவிட நல்ல காகிதம் கிடையாது. நிஜமாகவே சேர்ந்து வாழும் ஆசையில் வந்தவர்கள் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வருவதற்குப் பதில் மாமியார் வீட்டுக்குப் பழக்கூடையோடு போகிறார்கள்.

கேள்வி: 'கணவன் எஜமான்' என்று நம் இந்தியச் சட்டத்தில் எங்காவது எழுதியிருந்ததா?
(சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: அந்த வார்த்தையில் இல்லை, கணக்கில் இருந்தது. 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 497. அடுத்தவன் மனைவியோடு அந்தக் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் உறவு கொண்டால் அவனுக்கு ஐந்து வருஷம் வரை ஜெயில். கணவன் சம்மதித்தால் குற்றமில்லை! புகார் கொடுக்கும் உரிமையும் கணவனுக்கு. அவளுடைய சம்மதத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. அத்துமீறி நிலத்தில் நுழைந்த கேஸ் மாதிரியே படித்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோதுதான், கணவன் மனைவியின் எஜமான் அல்ல என்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா எழுதினார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பதினெட்டு வயதைத் தாண்டிய மனைவியோடு கட்டாய உறவு கொண்டால் அது வல்லுறவு ஆகாது என்ற விதிவிலக்கு, 2023இல் எழுதிய புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பிரிவு 63இல் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் தாத்தாவான ஆங்கில விதியை அவர்களுடைய பிரபுக்கள் சபை 1991இல் தள்ளிவிட்டது. பரீட்சைக்கு இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: புதிதாக டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனேன். 'எம்டபிள்யூபி சட்டத்தின் கீழ் வேண்டுமா' என்று ஏஜெண்ட் கேட்டார். விளக்கமாக அவருக்கே தெரியவில்லை. அது என்ன?
(சிறுதொழில் செய்பவர், கோயம்புத்தூர்)

பதில்: திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874. மேலே சொன்ன 1870ஆம் வருஷத்து இங்கிலாந்துச் சட்டத்தின் ஒன்றுவிட்ட தங்கை. ஆறாம் பிரிவு உங்களுக்கானது. கல்யாணமான ஆண் தன் உயிர்மேல் எடுக்கும் பாலிசியை மனைவி, குழந்தைகள் நலனுக்கு என்று எழுதிவிட்டால் அது டிரஸ்ட் ஆகிவிடும். நாளைக்குத் தொழில் நொடித்துக் கடன்காரர்கள் வந்தாலும் அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது, அண்ணன் தம்பி பாகமும் கேட்க முடியாது. நீங்களே மனம் மாறினாலும் திருப்பி எடுக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே தனிப் படிவத்தில் எழுத வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

ஒரு உபரித் தகவல்: இந்தச் சட்டம் ஆரம்பத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தாது. இந்த ஆறாம் பிரிவு மட்டும், அவர்கள் சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பருக்குப் பின் எடுத்த பாலிசிகளுக்குப் பொருந்தும், மற்ற இடங்களில் 1923 ஏப்ரல் முதல். அந்த வரி இன்னமும் சட்டத்தில் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு மேல் நாம் முந்தி.

கேள்வி: விவாகரத்து வழக்கு நடக்கிறது. பாஸ்போர்ட் எடுக்கப் போனால் கணவர் கையெழுத்து கேட்கிறார்கள். அவர் போடுவாரா?
(வாசகி, சென்னை)

பதில்: அவர் போட வேண்டாம். 2025 ஜூனில் இதே மாதிரி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மனைவி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக் கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை, கல்யாணம் ஆனதால் ஒரு பெண் தன் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை, இப்படிக் கேட்பது ஆணாதிக்கம். தீர்ப்பின் நகலை இணைத்து எழுத்துபூர்வமாகக் கொடுங்கள். பிளாக்ஸ்டன் இருந்திருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை. ஆனால் என் சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு அவரிடம். வங்கி எஸ்எம்எஸ் அவர் போனுக்கு. பஸ்ஸுக்கும் டீக்கும் தினம் 50 ரூபாய் தருவார். என் அம்மாவின் மாத்திரைக்கு 300 கேட்டால் இரண்டு நாள் விசாரணை. என் தோழிகள் "தங்கமான மனுஷன்" என்கிறார்கள். நான் பெரிதுபடுத்துகிறேனா?
(பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்: இல்லை.

உங்களைப் போல ஒரு ஆசிரியையின் வழக்கு எனக்கு மறக்காது. கணவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். "ஒரு நாள் கை நீட்டினதில்லைங்க" என்று தானாகவே சொன்னார், உண்மைதான். நீதிபதி அந்தப் பெண்ணிடம், "உங்களுக்குச் சம்பளம் எவ்வளவும்மா?" என்று கேட்டார். அவர் சட்டென்று கணவர் பக்கம் திரும்பினார். கணவர், "பிடித்தம் போக நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் சார்" என்றார். "நான் உங்களைக் கேட்கலை" என்றார் நீதிபதி. பிறகு சம்பளப் பட்டியலைப் பார்த்தோம். பிடித்தத்தில் ஜிபிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கடன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடனில் வாங்கிய மனை யார் பெயரில் என்று கேட்டால், கணவர் பெயரில். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது, எதற்கு என்று கேட்கவில்லை என்றார் அந்தப் பெண். நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவர் அவர்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு அடி உதையோடு நிற்கவில்லை, பொருளாதார வன்முறை என்று தனியாகவே எழுதியிருக்கிறது. உங்களுக்கு உரிமையுள்ள பணத்தை உங்களுக்குக் கிடைக்காமல் செய்வது, பயன்படுத்த விடாமல் தடுப்பது இரண்டும் அதில் வரும். புகார் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம்.

ஆனால் அதற்கெல்லாம் இப்போதே போகச் சொல்ல மாட்டேன். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் முதலாளி போடும் பணம். பழைய கார்டை முடக்கிப் புதிய கார்டு வாங்கவும், கணக்கோடு இணைந்த மொபைல் எண்ணை மாற்றவும் உங்கள் ஒரு கையெழுத்து போதும், வேறு யாரையும் கேட்கத் தேவையில்லை. முதலில் மொபைல் எண், பிறகு கார்டு. வரிசையை மாற்றினால் ஓடிபி அவர் போனுக்குப் போகும். வீட்டில் நகை, மனை, கடன் என்று உங்கள் பெயரிலோ உங்கள் சம்பளத்திலோ இருப்பவற்றின் நகல்களை எடுத்துப் பள்ளி அலமாரியில் வையுங்கள். அன்று மாலை வீட்டில் கேள்வி வரும் என்பது உங்களுக்கே தெரியும். குரல் உயராதவர் முதல் முறையாக உயர்த்தவும் கூடும். அதனால் அம்மா வீட்டிலோ தோழியிடமோ முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆதார் அட்டையையும் பாஸ்புக்கையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நீங்கள் பள்ளி முடிந்து போய்ச் சேர்வதற்குள் வங்கி மூடிவிடும், அரை நாள் தற்செயல் விடுப்புப் போடுங்கள்.